இரண்டு ரூட்டருக்கு ஒரே எண்

ஆலங்குடி
வியாழக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளை அரவிந்த்குமாருக்கு,

மாமா ஆண்டியப்பன் எழுதுவது. முதலில் நலம் விசாரிப்பது முறை, விசாரித்துவிட்டேன். இங்கே யாரும் நலமில்லை. ஆலங்குடி ரூட்டரின் அடையாள எண்ணை நீ திருக்கோகர்ணம் ரூட்டருக்கும் வைத்து, பன்னிரண்டு வருடமாக ஒற்றை ஆளாய் நான் கட்டிய இன்டர்நெட் தொழிலைக் கெடுத்துவிட்டாய். போனை நீ எடுப்பதில்லை; அதனால் சென்னை பஸ் கண்டக்டரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பொங்கலுக்கு வந்தவன் சாப்பிட்டோமா, தூங்கினோமா என்று இருந்திருக்கலாம். "மாமா, பழைய ஐ.பி. முகவரியோட, வி6னு வந்திருக்கிற புது வகை முகவரியும் சேத்து ஓட்டுவோம், திருக்கோகர்ணத்துக்குப் புதுசு மட்டும் போதும்" என்றாய். அடையாள எண்ணுக்கு என்ன செய்வது என்றேன். "அது பழைய முகவரியிலேருந்து தானா எடுத்துக்கும் மாமா" என்றாய். பழைய முகவரியே இல்லாத ரூட்டர் பெட்டி எதிலிருந்து எடுக்கும்? நாம்தான் கையால் போட வேண்டும் என்றேன்; எண்ணை நீ நோட்டில் எழுதிக் கொடுத்தாய், நோட்டில் இருந்ததைத்தான் நான் போட்டேன். அந்த எண் பார்வைக்கு முகவரி மாதிரி இருந்தாலும் வெறும் பெயர்தான். ஒருவர் பெயர் இன்னொருவருக்கு இருக்கக் கூடாது. இதையெல்லாம் எனக்கு எவனும் சொல்லித்தரவில்லை, நானே படித்தது. இப்போது இரண்டு பெட்டியும் "நான்தான் 10.0.0.1" என்கின்றன. மற்ற பெட்டிகள் ஒன்றை நம்பி ஒரு பாதை எழுதி, இன்னொன்றை நம்பி அழித்து, மறுபடி எழுதி, நிமிடத்துக்கொரு தரம் நெட் போகிறது. திருக்கோகர்ணத்தில் இ-சேவை மையம் வைத்திருக்கும் சுகுணா கூப்பிட்டது. "அண்ணே, சாதிச் சான்றிதழுக்கு வந்தவங்க இங்கிட்டு என்னைய அடிக்காத கொறதான். ஞாயித்துக்கெழமை வரைக்கும் பாப்பேன், அப்பறம் வேற கம்பெனிக்கு மாறிக்கிறேன், கோவிச்சுக்காதீங்க." அந்தத் தெருவில் நாற்பது வீட்டுக்கு நம் கனெக்சனை வாங்கிக் கொடுத்ததே சுகுணாதான். அது போனால் நாற்பதும் போகும், அப்புறம் நான் கடையைச் சாத்த வேண்டியதுதான். உன் அத்தை உண்ணாமலையோ சிரிக்கிறாள். "தாத்தா பேருன்னு ஒங்க வீட்டுல ரெண்டு பேரனுக்கும் ஆண்டியப்பன்னு வச்சாங்க. சோறு போடக் கூப்பிட்டா ரெண்டு பேரும் ஓடி வந்தீங்க. அந்த வியாதி மிஷினுக்கும் வந்துருச்சா?"

ஆகையால் ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ நேரில் வந்து எண்ணை மாற்ற வேண்டும். சுகுணாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதும் நீதான். உன் அம்மா உன்னைக் கண்டிக்க வேண்டும். உண்ணாமலை சிரிப்பை நிறுத்த வேண்டும். ஆண்டவன் உனக்கு நீண்ட ஆயுளும், போனை எடுக்கிற புத்தியும் தர வேண்டும்.

இப்படிக்கு,
மனமொடிந்த மாமா,
ஆண்டியப்பன்

பி.கு: கவரை ஒட்டுமுன் அந்த நோட்டைப் பார்த்தேன். திருக்கோகர்ணத்துக்கு நீ 10.0.0.2 என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறாய். ஆலங்குடிப் பெட்டிக்குப் பிறகு நான் வாங்கிய முதல் பெட்டி ஆயிற்றே, பேரனுக்குத் தாத்தா பெயர் மாதிரி மூத்ததன் பெயரே இருக்கட்டும் என்று அதை அடித்துவிட்டு 10.0.0.1 என்று எழுதியிருப்பது என் கையெழுத்து. எனவே மேலே 'நீ' என்று வரும் இடமெல்லாம் 'நான்' என்று படித்துக்கொள். கடைசிப் பத்தியை மட்டும் உள்ளபடியே படி.