கொதித்தால் கோபிக்கும் தண்ணீர்

தண்ணீர் பேசும். நமக்குத்தான் கேட்காது, நீர்ஞானிக்குக் கேட்கும். பாட்டிலைக் காதில் வைத்துக் கண்ணை மூடினால் போதும், வீட்டின் குறைகளையெல்லாம் தண்ணீரே புட்டுப் புட்டு வைத்துவிடும். இந்தச் செய்தி பரவிய நாளிலிருந்து அவருடைய கூடத்து வாசலில் ஆளுக்கொரு பாட்டிலோடு ஊரே வரிசையில் நின்றது. படித்தவர்களும் வந்தார்கள். அவர்கள் சற்று விலை கூடிய பாட்டிலாகக் கொண்டு வந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

தையற்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஞாயிறுதோறும் நாலைந்து தன்னார்வலர்களோடு தெருத்தெருவாகக் குழாய்த் தண்ணீரை மருந்திட்ட குப்பிகளில் பிடித்துச் சோதிப்பவள் அவள். இரண்டு நாளில் குப்பி கறுத்தால் சாக்கடை கலந்திருக்கிறது என்று பொருள். இந்த மாதம் ஞானியின் கூடம் இருக்கும் தெருவில் பிடித்த குப்பிகள் எல்லாமே கறுத்தன. குழாயைச் சரிசெய்யும்வரை கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னார்கள். ஞானி அதை ஒரே பேச்சில் கவிழ்த்துவிட்டார்.

"கொதிக்க வச்சா தண்ணிக்கு வலிக்கும். கோவிச்சுக்கும்."

அதற்குப் பதில் ஒரு நீலக் கூழாங்கல் கொடுத்தார். பானையில் போட்டால் தண்ணீர் சாந்தமாகிவிடுமாம். அந்தச் சாந்தமான தண்ணீரைக் குடித்துத்தான் அதே தெருவிலிருக்கும் தையற்காரியின் தங்கையின் ஒரு வயதுக் குழந்தை ஐந்து நாளாக வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்தது.

"டாக்டர் என்னடி சொன்னாரு?"

"உப்பு சக்கரைக் கரைசல் குடுக்கச் சொன்னாரு. குடுக்கறேன்க்கா."

"எந்தத் தண்ணியில?"

தங்கை பானையைப் பார்த்தாள். அடியில் நீலக்கல் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. "நாளைக்கு ஞானிகிட்ட இன்னொரு தடவ காட்டலாம்னு இருக்கேன்."

அக்காவுக்கு முதலில் அழுகை வந்தது. பிறகுதான் கோபம் வந்தது.

"காட்டலாம். பாட்டில்ல நானே புடிச்சுத் தர்றேன். அதுவரைக்கும் என் வீட்டுல கொதிக்க வச்ச தண்ணியக் குடு. அது எங்கிட்டதானே கோவிச்சுக்கும், கோவிச்சுக்கட்டும்."

தன்னார்வலர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரே குழாயில் இரண்டு குப்பி பிடித்து, வெவ்வேறு எண் ஒட்டிவிடுவார்கள். இரண்டுக்கும் ஒரே முடிவு வந்தால்தான் சோதித்தவர் கையை நம்புவார்கள். தங்கள் கையையே சந்தேகப்படுகிறவர்கள் ஞானியின் காதை மட்டும் விட்டுவிடுவார்களா?

மறுநாள் காலை இரண்டு பாட்டில்கள். ஏழாம் எண் தங்கையின் கையில். பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டாளியான பேக்கரிக்காரர் கையில். வரிசையில் ஞானியின் சீடர் ஒவ்வொருவரிடமும் தேனொழுக நலம் விசாரித்துக்கொண்டே வந்தார். தங்கை எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். பேக்கரிக்காரர், "ஒரு குறையும் இல்லீங்க, ரெண்டாவது கடை போடப்போறேன்" என்றார். சீடர் ஏழாம் பாட்டிலில் சிவப்புத் தாள் ஒட்டினார், பன்னிரண்டில் பச்சை.

ஞானி ஏழாம் பாட்டிலைக் காதில் வைத்தார். உடம்பு நடுங்கியது.

"அழுவுது. வீட்டுல சின்ன உயிருக்கு முடியல. தண்ணி பயங்கரக் கோவத்துல இருக்கு. இன்னும் ரெண்டு கல்லு போடணும்."

கூட்டம் உச்சுக் கொட்டியது. பன்னிரண்டை வைத்தார். முகம் மலர்ந்தது.

"பாடுது. அமிர்தம். தொழில் பெருகும்."

தையற்காரி எழுந்தாள். "ஐயா, ரெண்டும் ஒரே தண்ணிங்க. உங்க கூடத்துப் பின்பக்கக் குழாய்ல காலையில நானும் இவருமாப் புடிச்சது."

ஞானி அசரவில்லை. "கொண்டு வர்றவங்க மனசைப் பொறுத்துத் தண்ணி மாறும்மா."

பாதிக் கூட்டம் தலையாட்டியது. நம்பிக்கைக்கு எலும்பு கிடையாது, எந்தப் பக்கமும் வளையும்.

"சரிங்க. அந்த அமிர்தத்துல ஒரு மடக்குக் குடிங்க."

ஞானிக்கு இருமல் வந்தது. நிற்கவில்லை. பதறிப்போன சீடர், தினமும் செய்கிற பழக்கத்தில், நாற்காலிக்குப் பின்னாலிருந்த பிளாஸ்க்கை எடுத்துத் திறந்து நீட்டினார். ஆவி பறந்தது.

தங்கை அதையே பார்த்தாள். "அது கொதிக்க வச்ச தண்ணியா?"

"ஆமாம்மா. ஐயாவுக்குப் பச்சத்தண்ணி வயித்துக்கு ஒத்துக்காது. இருபது நிமிஷம் கொதிச்சாகணும்" என்றார் சீடர், வாய் முந்திக்கொண்டது தெரியாமல்.

தங்கை பையிலிருந்து நீலக்கல்லை எடுத்தாள். பிளாஸ்க்குக்குள் போட்டாள். வீட்டுக்கு நடந்தாள். அவள் பின்னால் வரிசையும் கலைந்தது.

அன்று மதியம் அந்தத் தெருவில் அடுப்புக்கு அடுப்பு தண்ணீர் கொதித்தது. எதுவும் கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை. நாலாம் நாள் குழந்தை தவழ்ந்து போய்ப் பானையைத் தட்டியது.

தண்ணீர் அழுவதைக் கேட்க ஒரு ஞானி வேண்டியிருந்தது. குழந்தை அழுவதைக் கேட்க உங்கள் இரண்டு காதே போதும். அந்தக் காதுகளுக்கு நடுவே இருப்பதையும் கொஞ்சம் வேலை வாங்குங்கள், அதற்கு வலிக்காது.