முத்தாயியின் காய்ச்சல் ஏற்கப்படவில்லை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டாம் ஆண்டு, காட்டுக் கம்யூனிஸ்ட்டுகளை ஒடுக்க மலாயாவில் அவசரகாலம் அமலில் இருந்தபோது, சுங்கை ரம்பாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றின் இரத்தம் மேலிடத்தின் கவனத்துக்கு வந்தது. மலேரியாவைக் கண்டுபிடிக்கப் புதுப் பரிசோதனை ஒன்று வந்திருந்தது. அது சரியாகக் கண்டுபிடிக்கிறதா என்பதைக் கண்டுபிடிக்க, இரத்தத் துல்லிய மதிப்பீட்டு உதவி அதிகாரி கணேசமூர்த்தி மலாக்கா டவுனிலிருந்து லாரியில் வந்து இறங்கினார். வெள்ளைக் கால்சட்டை, மரப்பெட்டி, முன்னும் பின்னும் துப்பாக்கிக்காரர்கள்.

முறை எளிமையானது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரசர் இராஜரட்ணம் தம் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, காய்ச்சல்காரர்கள் ஐம்பது பேரையும் காய்ச்சல் இல்லாதவர்கள் ஐம்பது பேரையும் பிரித்து நிறுத்த வேண்டும். பெயர்ச்சீட்டு ஒட்டிய கண்ணாடித் தட்டில் ஆளுக்கொரு சொட்டு இரத்தம், அதன்மேல் ஒரு சொட்டு மருந்து. மூன்று நிமிடத்தில் கட்டி கட்டினால் மலேரியா. கட்டாவிட்டால் இல்லை.

முதலில் வந்தவர்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வடிவேலுவும் அவன் மனைவி முத்தாயியும். முத்தாயி மூன்று நாளாகக் கோணிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு பல் கிட்டிக் கிடந்தவள். அவள் இரத்தத்தில் மலேரியாக் கிருமி மொய்த்ததை இராஜரட்ணம் கண்ணாரப் பார்த்திருந்தார். வடிவேலுவுக்கு ஒரு குறையும் இல்லை. அன்று காலை பழையசோற்றுச் சட்டியைத் தனியாகக் காலி பண்ணிவிட்டு வந்திருந்தான்.

மூன்று நிமிடம் ஆனது. வடிவேலுவின் இரத்தம் அழகாகக் கட்டி கட்டியது. முத்தாயியின் இரத்தம் அப்படியே கிடந்தது.

"வடிவேலு, மலேரியா. முத்தாயி, ஆரோக்கியம்," என்று கணேசமூர்த்தி எழுதினார்.

"சேர், மாறி எல்லோ வந்திருக்கு," என்றார் இராஜரட்ணம். "அந்தப் பிள்ளை நடுங்குறது உங்களுக்குத் தெரியேல்லையோ?"

"நடுக்கம் பரிசோதனையில் சேராது."

"மைக்ராஸ்கோப்பில நான் கிருமியைப் பார்த்தனான்."

"உங்கள் மைக்ராஸ்கோப்பு மதிப்பீடு செய்யப்பட்டதா?"

"அது இருபது வருஷமா இஞ்சதான் இருக்கு."

"நான் வயசைக் கேட்கவில்லை, மிஸ்டர் இராஜரட்ணம். மதிப்பீடு செய்யப்படாத ஒன்றை வைத்து, மதிப்பீட்டில் இருக்கும் ஒன்றைத் தப்பு என்று சொல்வது எந்த நியாயம்?"

இராஜரட்ணம் மைக்ராஸ்கோப்பை உறை போட்டு மூடினார். அந்தக் கேள்வி இன்று வரை அப்படியே இருக்கிறது.

மதிப்பீடு முடியும் வரை புதுப் பரிசோதனைப்படியே வைத்தியம் என்று உத்தரவாயிற்று. வடிவேலுவை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். காலையில் முட்டை, மாலையில் பால், மூன்று வேளையும் மலேரியாவுக்கான கொய்னா மாத்திரை. முத்தாயியை விடியற்காலைப் பெரட்டு வரிசையில் நிற்க வைத்துப் பேர் கூப்பிட்டு வெட்டுக்கு அனுப்பினார்கள். அவள் பிடித்த கத்தி மரத்தில் பட்டதைவிடக் காற்றில் பட்டது அதிகம். இரண்டாம் நாள் பால்வாளியோடு சரிந்து விழுந்தாள். ஆரோக்கியமானவர் விழுந்தார் என்று மட்டும் குறிப்பில் ஏறியது.

கட்டிலில் கிடந்த வடிவேலுவுக்குச் செய்தி போனது. முட்டையைத் தட்டிலேயே தள்ளி வைத்தான். மத்தியானம் கொடுத்த மாத்திரையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, "வீடு வரைக்கும் போயிட்டு வந்துடறேன்," என்று புறப்பட்டான்.

மருந்து காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்ட்டுகளுக்குப் போய்விடக் கூடாது என்று ஆஸ்பத்திரி வாசலில் ஸ்பெஷல் போலீஸ் தங்கராஜு காவல் இருந்தான்.

"வாயைத் திறலா," என்றான்.

திறந்தான். மாத்திரை இருந்தது.

"யாருக்கு?"

"பொஞ்சாதிக்குண்ணே. காய்ச்சல்ல விழுந்து கிடக்குறா."

தங்கராஜு நேரே கணேசமூர்த்தியிடம் இழுத்துப் போனான். அவர் பட்டியலைப் புரட்டினார்.

"முத்தாயிக்குக் காய்ச்சல் இல்லை. அப்படியானால் மாத்திரை அவளுக்கு அல்ல. அவளுக்கு இல்லையென்றால் காட்டுக்குத்தான்."

வடிவேலு அவர் காலில் விழுந்தான். காட்டுக்கு மருந்து கடத்தியவனை எங்கே கொண்டுபோவார்கள் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும்.

"ஐயா, அவ சாகப்போறாய்யா! வந்து தொட்டுப் பாருங்க!"

"தொட்டுப் பார்ப்பது அங்கீகரிக்கப்பட்ட முறை அல்ல."

அப்போதுதான் இராஜரட்ணத்துக்கு ஒரு யோசனை வந்தது. தாம் செய்த வேலையிலேயே அதுதான் புத்திசாலித்தனமானது என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

"சேர், உங்கட பரிசோதனையும் சரி, என்ர மைக்ராஸ்கோப்பும் சரி. பேர்தான் பிழை. புருசன் பெண்சாதி ஒண்டா வந்தவை. சீட்டு ஒட்டேக்க மாறிப்போச்சு."

கணேசமூர்த்தி எழுந்து நின்றார். கண் கலங்கியது.

"அப்படியென்றால் இது பரிசோதனைப் பிழை அல்ல. பெயர்ப் பிழை!"

"ஓம், வெறும் பெயர்ப் பிழை."

"இன்னும் பதினொரு பேருக்குக் காய்ச்சல் இருந்தும் கட்டவில்லை. இல்லாத பதினொரு பேருக்குக் கட்டியிருக்கிறது. தூக்கமில்லாமல் இருந்தேன், மிஸ்டர் இராஜரட்ணம்!"

அரைமணி நேரத்தில் இருபத்திரண்டு பேரும் ஜோடி சேர்க்கப்பட்டுப் பெயர் மாற்றிக்கொண்டார்கள். எழுபது வயது கந்தசாமி, கர்ப்பிணியான சுசீலாவோடு மாறினார். யாருக்கும் ஆட்சேபம் இல்லை. முத்தாயிக்குக் காய்ச்சல் உண்டு என்றானதால் கடத்தல் குற்றம் போய், மாத்திரை அவள் வாய்க்குப் போனது. நான்காம் நாள் எழுந்து உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு கேட்டாள். வடிவேலு அழுதான். தோட்டமே டிரசரைக் கொண்டாடியது.

டவுனிலும் கொண்டாட்டம்தான். பரிசோதனையின் துல்லியம் நூற்றுக்கு நூறு என்று அறிக்கை போயிற்று. கணேசமூர்த்திக்குப் பதவி உயர்வு வந்தது. இராஜரட்ணத்துக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. இனி அவசியமில்லை என்று மைக்ராஸ்கோப்பைத் திருப்பி அனுப்பும்படி கடிதத்தின் கடைசி வரியில் கண்டிருந்தது. இனிமேல் இரத்தம் குப்பியில் பெயர் எழுதி டவுனுக்குப் போகும். கட்டினால், அந்தப் பெயருக்கு மாத்திரைப் பொட்டலம் வரும்.

அடுத்த மழைக்குக் காய்ச்சல் திரும்பி வந்தது. பாதிப் பேருக்குக் கட்டவில்லை. ஆனால் தோட்டத்து ஜனங்கள் பாடம் படித்திருந்தார்கள். வடிவேலுவின் இரத்தம் எந்த நாளில் எடுத்தாலும் கட்டும். அவன் விரலில் குத்திய இரத்தத்தைக் குப்பியில் விட்டு, காய்ச்சல்காரர் தம் பேரை எழுதி அனுப்பினால் மாத்திரை நிச்சயம். முதல் வாரம் சும்மா கொடுத்தான். இரண்டாம் வாரம் ஒரு நாற்காலி வாங்கிப் போட்டான். மூன்றாம் வாரம் வெள்ளைக் கால்சட்டை தைத்துக்கொண்டான்.

அந்த வாரம்தான் டிரசரின் மனைவி அன்னபாக்கியம் படுத்தார். "இஞ்சாருங்கோ, எலும்புக்குள்ள குளிருது," என்று முனகினார். மூன்று போர்வை போதவில்லை. அவர் இரத்தம் டவுனுக்குப் போய், ஆரோக்கியம் என்று திரும்பி வந்தது.

இராஜரட்ணம் குப்பியும் ஊசியுமாகத் தொழிலாளர் லயத்துக்கு ஓடினார். வடிவேலு வீட்டு வாசலில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கதவண்டை முக்காலியில் முத்தாயி, மடியில் பேர்ப்பட்டியல் எழுதிய ஒரு நோட்டுப் புத்தகத்தோடு.

"முத்தாயி, கெதியா வடிவேலுவைக் கூப்பிடு. என்ர பெண்சாதிக்குக் கடும் காய்ச்சல்."

முத்தாயி மரியாதையாக எழுந்து நின்றாள். பிறகு நோட்டைப் புரட்டினாள்.

"காய்ச்சல்னு யாருங்கய்யா சொன்னது?"