செடி படித்த பேராசிரியை

எங்கள் பல்கலைக்கழகத்தில் மானிடவியலுக்கு இருந்ததே ஒரே ஒரு பேராசிரியைதான். அவர் அடுத்த மாதம் ஓய்வு பெறவிருந்ததால் பென்ஷன் கோப்பு என் மேசைக்கு வந்தது. வந்த கோப்பை அப்படியே அனுப்பிவிட்டால் டாக்டர் பட்டம் வாங்கிய பிரிவு அதிகாரி எதற்கு என்று நாலு பேர் கேட்பார்கள். தேடினேன், அகப்பட்டது: அம்மையாரின் முதல் பட்டம் தாவரவியல்.

பதிவாளர் அவரை அழைத்து விசாரித்தார்.

“செடி கொடி படிச்சுட்டு மனுஷங்க பக்கம் எப்படிம்மா வந்தீங்க?”

“மூலிகை தேடி மலைக்குப் போனேன் சார். செடியைவிடப் பறிக்கிறவங்க சுவாரசியமா இருந்தாங்க. அவங்களோடயே தங்கி ஆராய்ச்சி பண்ணிட்டேன்.”

“இருக்கட்டும். தாவரவியல் படிச்சது இதுக்குப் போதும்னு ஒரு மானிடவியல் நிபுணர் சான்று தரணுமே?”

“அந்த நிபுணர் இங்க நான் ஒருத்திதான்.”

“அப்ப நீங்களே எழுதிக் குடுங்க.”

எழுதிக் கொடுத்தார். ‘தகுதி ஐயத்திற்குரியவர் அளிக்கும் சான்று ஏற்புடையதன்று’ என்று நான் குறிப்பெழுதினேன். என் பணிக்காலத்திலேயே அழகாக அமைந்த வாக்கியம் அது.

அம்மையார் என் மேசைக்கே வந்துவிட்டார். “வாழ்நாள் பூரா இங்கதானே தம்பி குப்பை கொட்டினேன். வேற வருமானமும் இல்ல. பென்ஷன் வராதா?”

“ரூல்ஸ்னு ஒண்ணு இருக்கே மேடம்.”

அவர் நேரே பதிவாளர் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

“எனக்குத் தகுதி இல்லேன்னா, நான் வழிகாட்டியா இருந்து குடுத்த டாக்டர் பட்டமெல்லாம் என்ன சார் ஆகும்?”

பதிவாளரின் பிஸ்கட் டீக்குள் விழுந்து கரைந்தது. சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த அவருடைய பட்டம் அம்மையாரிடம் வாங்கியதுதான்.

அன்று மாலையே குழு கூடித் தீர்மானம் போட்டது: ‘மேற்படி பேராசிரியையின் தகுதி, மதிப்பிற்குரிய பதிவாளர் அவர்கள் பட்டம் பெற்ற நாள் மாலை வரை செல்லுபடியாகும். அதன்பின் காலாவதி. பென்ஷனும் அதுவரைக்கே.’

ஒரு பிழையும் இல்லாமல் தட்டச்சு செய்து அம்மையாரிடம் நீட்டினேன். பாதிப் பென்ஷன் போனது தெரிந்து அவர் முகம் சுருங்கியது. கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“உனக்கு நான் பட்டம் குடுத்தது எப்ப தம்பி?”

“பதிவாளர் சாருக்கு அடுத்த வாரம்...” என்று சொல்லும்போதே தீர்மானத்தைப் பிடுங்கி ‘அதன்பின் காலாவதி’ என்ற வரியை மறுபடி படித்தேன்.

இப்போது தினமும் அவர் வீட்டு வாசலில் நிற்கிறேன், என் பட்டம் செல்லும் என்று ஒரு சான்று கேட்டு. அவரும் தினமும் காபி கொடுத்து உபசரிக்கிறார்.

“குடுக்கக் கூடாதுன்னு இல்ல தம்பி. ஆனா நான் குடுத்தா செல்லாதுன்னு அன்னைக்கே நீ எவ்வளவு அழகா எழுதிட்டே.”