பூட்டு மாமா சிதம்பரம் போன கதை

கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் போகிற பஸ்ஸில் அதிகத் தடவை ஏறியவரும், பல வருஷம் ஒரு தடவைகூடச் சிதம்பரம் போய்ச் சேராமல் இருந்தவரும் உலகத்தில் ஒரே ஆள்தான். பிள்ளைகளே, அவர்தான் எங்கள் தெருப் பூட்டு மாமா.

சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். துறைமுகத்துப் பக்கம் மீன்வலைக் கடை. கல்யாணம் காட்சி இல்லை, தனி ஆள். பஸ் ஆலப்பாக்கத்தைத் தொட்டதும் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். கதவைப் பூட்டினோமா? கேஸை அணைத்தோமா? மோட்டார் ஓடுதோ? அவ்வளவுதான், இறங்கி எதிர்ப் பஸ் பிடித்துவிடுவார். கண்டக்டர்களும் பழகிப்போய், கேட்காமலே ஆலப்பாக்கத்துக்கு டிக்கெட் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். இத்தனைக்கும் அந்த வீட்டில் திருடன் நுழைந்தால், பாவப்பட்டு ஏதாவது வைத்துவிட்டுத்தான் போவான்.

இதில் மாட்டிக்கொண்டது அவர் தங்கச்சி மகள் தேன்மொழி. தங்கச்சி குடும்பம் சிதம்பரம் அண்ணாமலை நகரில் இருக்கிறது. காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். மாமன் ஆலப்பாக்கத்தோடு திரும்பிவிட்டால் மடிக்கு எங்கே போவது? நாள் குறிப்பதும் தள்ளிப் போடுவதுமாக, அவள் காது குத்தாமலே பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். கடைசியில் தங்கச்சி போனில் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டது.

"அண்ணே, இந்த வாட்டியும் நீ வரலன்னா நம்ம பெரியப்பா மகன் மடியில ஒக்கார வச்சுக் குத்திடுவோம். அப்புறம் தாய்மாமன்னு சொல்லிக்கினு இந்தப் பக்கம் வராத."

மறுநாள் காலையில் என் வாசலில் வந்து நின்றார். நான் கேபிள் டிவி வேலை பார்க்கிறவன். பெரிய படிப்பு இல்லை, ஆனால் ஒயர் பிடித்த கை.

"மச்சான், நான் சிதம்பரத்துல இருக்கணும். அதே நேரத்துல வூட்டுலயும் இருக்கணும். எதுனா வழி பண்ணு."

"கேமரா மாட்டிடலாம் மச்சான். போன்லயே பாக்கலாம்."

"அது எவனோ கம்பெனிக்காரன் கையில இருக்கும். என் பூட்டை அவன் எதுக்குப் பாக்கணும்? நம்ம சொந்தக் கம்ப்யூட்டரா இருக்கணும்."

அப்படித்தான் எங்கள் தெருவுக்கு அந்தக் குட்டிக் கம்ப்யூட்டர் வந்தது. சீட்டுக்கட்டு அளவில் ஒரே ஒரு பலகை. அதற்கென்று திரை கிடையாது. முதலில் டிவியில் மாட்டி, வைஃபை கொடுத்து, 'தூரத்திலிருந்து பார்க்கலாம்' என்கிற அனுமதியைப் போட்டு, கடவுச்சொல் வைத்துவிட்டால் போதும். பிறகு டிவியே வேண்டாம். டிவியில் தெரிந்தது அப்படியே உங்கள் போனில் தெரியும். இங்கே விரலை நகர்த்தினால் அங்கே அம்புக்குறி நகரும். இதற்குத்தான் ரிமோட் டெஸ்க்டாப் என்று பெயர். அதில் இரண்டு கேமரா மாட்டினேன். ஒன்று வாசல் பூட்டைப் பார்க்கும், இன்னொன்று அடுப்பைப் பார்க்கும்.

சொல்ல இவ்வளவுதான். செய்யவிட்டாரா? மெமரி கார்டில் மென்பொருள் ஏறிக்கொண்டிருக்கும்போது, கார்டு இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். அது கையோடு வந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து.

எல்லாம் முடித்து, வீட்டுக்குள் பார்த்தால் அருமையாக வேலை செய்தது. போனைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை போனார், படம் நின்றுவிட்டது. "வூட்டு வைஃபை எட்டுற வரைக்கும்தான் இப்ப தெரியும் மச்சான்" என்று சொல்லி, வெளியூரிலிருந்தும் இன்டர்நெட் வழியாகத் திறக்கிற மாதிரி ஒரு கணக்குத் தொடங்கிக் கொடுத்தேன். சோதித்துப் பார்க்க மீன் மார்க்கெட்டுக்குப் போனவர் அங்கிருந்து கூப்பிட்டார்.

"மச்சான், வூட்டைக் காணல."

போய்ப் பார்த்தால், கிளம்பும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"மெயினை அணைக்காம எவனாவது ஊருக்குப் போவானா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

மெயின் சுவிட்சைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். காதுகுத்து அன்றைக்கு அவரோடு நானும் பஸ் ஏறினேன்.

ஆலப்பாக்கம் வந்தது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு தயாராக நின்றார். மாமா போனைத் திறந்தார். பூட்டு தொங்கியது. அடுப்பு அணைந்திருந்தது. "ரைட்டு, போலாம்" என்றார். கண்டக்டர் விசிலை எடுத்துவிட்டு அவரையே பார்த்தார்.

"சார், டிக்கெட் இதோட முடிஞ்சிது. மேல போறதா இருந்தா வேற எடுக்கணும்."

மாமா பெருமையாக வேறு டிக்கெட் வாங்கினார். போனை மறுபடி பார்த்தார், திருப்தியாகச் சிரித்தார். பிறகு, எதையும் திறந்து போட்டுவிட்டு வராத மனுஷன் ஆயிற்றே, அந்தத் திரையின் மூலையில் இருந்த மெனுவைத் திறந்து கம்ப்யூட்டரை முறைப்படி அணைத்துவிட்டார். என்னிடம் சொல்லவும் இல்லை.

புதுச்சத்திரத்தில் மறுபடி திறந்தார். ஒன்றுமே வரவில்லை.

"மச்சான், எதுனா ஆச்சா?"

"நீங்க எதுனா பண்ணீங்களா?"

"பாத்து முடிச்சதும் அணைச்சேன். லைட்டு, ஃபேனு மாதிரி."

"மச்சான், நீங்க போனை அணைக்கல. அங்க இருக்கிற கம்ப்யூட்டரை அணைச்சிட்டீங்க. இனிமே யாராவது வூட்டுக்குள்ள போய்த்தான் போடணும்."

"சாவி?"

சாவி அவர் வேட்டி மடிப்பில் இருந்தது. முகம் வெளுத்து எழுந்துவிட்டார். ஒரு கால் படிக்கட்டில். "நீ போ மச்சான். நான் போய்ப் போட்டுட்டு அடுத்த வண்டியில வந்துடறேன்." அந்த அடுத்த வண்டி எனக்குத் தெரியும். கடலூர் மாவட்டத்தில் அப்படி ஒரு வண்டி ஓடியதே இல்லை.

அப்போது அவர் போன் அடித்தது. தேன்மொழி. எனக்கும் கேட்டது.

"மாமா, எங்க இருக்கீங்க?"

"பஸ்ஸுலதான்டா கண்ணு."

"வர்ற பஸ்ஸா, போற பஸ்ஸா?"

மாமா படிக்கட்டுக் கம்பியைப் பிடித்தபடியே நின்றார். கண்டக்டர் பார்த்தார். நான் பார்த்தேன்.

"வர்ற பஸ்ஸுடா" என்றார். வந்து உட்கார்ந்தார். வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்வரை முழங்கால் இரண்டும் தையல் மெஷின் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தன.

மடியில் தேன்மொழியை வாங்கியதும் அந்த ஆட்டம் நின்றது. ஆசாரி காது குத்தினார். பிள்ளை அழுதாள், அவளைவிட மாமா ஜாஸ்தி அழுதார். அழுது முடித்ததும் கம்மல் திருகாணியைத் திருகிப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

"மாமா, பூட்டியாச்சு. வலிக்குது" என்றாள் அவள்.

அந்தக் குட்டிக் கம்ப்யூட்டர் இப்போது தேன்மொழியிடம் இருக்கிறது. அதில் படம் வரைகிறாள். அவள் தொடாமலே அம்புக்குறி நகர்ந்து ஒரு கோணல் வட்டம் போட்டால், "மாமா வந்துட்டாங்க" என்று கத்துவாளாம்.

பூட்டைப் பார்க்க இப்போது எந்தக் கேமராவும் இல்லை. அவர் சிதம்பரம் கிளம்புகிற நாளில், வேலைக்குப் போகும் வழியில் அந்த வாசலில் சைக்கிளை நிறுத்துகிறேன். நன்றாகத்தான் பூட்டியிருப்பார், எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.