சாம்பிள் அண்ணனும் இரண்டு கடலும்

மாதிரி பார்க்காமல் மூச்சுகூட விடாத ஒரே மனிதர் திருப்பூரில் எங்கள் சாம்பிள் அண்ணன்தான். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

எங்கள் கம்பெனியில், துணி வாங்கும் வெளிநாட்டுப் பையருக்குக் காட்ட முதல் பனியனைத் தைப்பது அவர் வேலை. அது ஓகே ஆனால்தான் மற்றதெல்லாம் பல்க்காக மெஷினில் ஏறும். ஓட்டலிலும் அதே கதைதான். "கண்ணு, ஒரு கரண்டி சாம்பார் சாம்பிள் காட்டுங்க. ஓகேன்னா இட்லி பல்க்கா சொல்றனுங்க" என்பார். பெண் பார்க்கப் போன இடத்தில் காபியை ஒரு மிடறு குடித்துவிட்டு, "ஓகேங்க" என்றாராம். ஓகே ஆனது தானா காபியா என்று அவர் மனைவி இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

போன வருடம் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து இடது கால் சொன்னபேச்சு கேட்காமல் போனது. "ஒருக்கா கடல்ல கால நனைச்சுட்டாப் போதுங்க" என்பதே அவள் ஆசை. கடலை அவள் டிவியில்தான் பார்த்திருக்கிறாள். எனக்குக் கார் ஓட்ட வராது. விஷயம் தெரிந்து அண்ணன் தன் பழைய காரோடு வந்து நின்றார். வந்தவர் நேரே ராமேஸ்வரம் கடலுக்குப் போகவில்லை. எங்களை ஏற்றிக்கொண்டு காங்கேயம் வரை போய்த் திரும்பினார்.

"ஏனுங்கண்ணா, இதெதுக்குங்க?"

"சாம்பிள் ட்ரிப்புங்க. அம்மிணிக்கு இடுப்பு தாங்குதான்னு பாக்கோணுமில்லீங்க?"

தாங்கவில்லை. பின்சீட்டில் தலையணைகள் ஏறின. மறுநாள் கிளம்பினோம்.

பாலம் தாண்டித் தீவுக்குள் நுழைந்து தனுஷ்கோடிச் சாலைக்கு வந்தால், நடுவில் தார் ரோடு, இரண்டு பக்கமும் கடல். ஒன்று பச்சை, ஒன்று நீலம். அண்ணன் இறங்கி இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஷேடு வித்தியாசமா இருக்குதுங்களே. ரெண்டும் ஒரே சாய லாட் இல்லீங்க. பையர் திருப்பி அனுப்பிருவானுங்க."

என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். நோய் வந்த பிறகு அந்தச் சிரிப்பை அன்றுதான் கேட்டேன்.

ஆனால் ரோட்டோரம் நெடுகக் கருங்கல் தடுப்பு. கல் இல்லாத இடைவெளிகளில் கொழகொழ மணல். ஒவ்வொரு இடைவெளியிலும் அண்ணன் காரை நிறுத்தி, வேட்டியை மடித்துக் கட்டி, தானே முன்னால் நடந்து பார்த்தார். எல்லா இடத்திலும் கால் புதைந்தது. தீவின் முனைவரை போய்த் திரும்பியும் கார் இறங்க வழியில்லை. இருட்டுமுன் போலீஸ் வண்டிகளை விரட்டிவிடும் என்று ரோட்டோரக் கடையில் மீன் வறுக்கும் அக்கா எச்சரித்தார்.

"பாத்தாச்சில்லீங்க. போலாம்" என்று என் மனைவி கதவைச் சாத்திக்கொண்டாள்.

அண்ணன் பாட்டிலில் கடல்தண்ணீர் பிடித்துவந்து, கதவைத் திறந்து அவள் காலில் ஊற்றினார்.

"சாம்பிள். ஓகேங்களா அம்மிணி?"

"இதுல அலை வரலீங்களேண்ணா."

அண்ணன் பாட்டிலைக் காருக்குள் போட்டார். பிறகு மீன்கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சேரை வாங்கிவந்து அவளை உட்கார வைத்தார். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவர்.

"அண்ணா, ஆழம் பாத்தீங்களா?"

"பேசாமத் தூக்குங்க."

முதல் அலை அவள் முழங்காலை நனைத்தது. அடுத்தது சேரைச் சாய்க்கப் பார்த்தது. அண்ணன் தண்ணீரிலேயே மண்டியிட்டு, சேரைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். சட்டைப்பையில் செல்போன் மூழ்கிக்கொண்டிருந்தது. ரோட்டில் போலீஸ் விசில் கேட்டது.

"போலாங்களாண்ணா?" என்றேன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அம்மிணி போதும்னு சொல்லட்டுங்க."