பிரேக் மிதிக்க ஒரு ஆள்

"வர்ற ஞாயித்துக்கிழமை வீட்டைக் காலி பண்றேன். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் பாத்திருக்கேன். சாமான் ஏத்த உங்க வண்டி வருமா?"

"வண்டியா? பிரேக் சரியில்லையே டீச்சர்."

திங்கட்கிழமை சாயங்காலம் கேட்டுக்குப் பக்கத்தில் நடந்த பேச்சு இவ்வளவுதான். மறுநாள் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, சின்னப்பன் அதையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். ஏன் போறீங்க என்று கேட்டிருக்கலாம். போகாதீங்க என்றே சொல்லியிருக்கலாம். போயும் போயும் பிரேக்கைச் சொன்னார்.

பிரேக்கில் ஒரு கோளாறும் இல்லை. அன்று மத்தியானம்கூடப் பெருங்களத்தூரில் ஒரு பஸ் குறுக்கே பாய்ந்தபோது, பதினெட்டு வருஷத்து டீசல் பிக்கப் ஆணி அடித்த மாதிரி நின்றது. வாங்கிய நாள்முதல் அதன்மேல் ஒரு மெக்கானிக்கின் கை பட்டதில்லை. ஃபில்டர், பெல்ட், கிளட்ச் எல்லாம் அவரே. வேறென்ன வேலை? மனைவி இறந்துபோய் ஐந்து வருஷம். மகன் ஸ்டெபின் கோயம்புத்தூரிலிருந்து மாதம் ஒரு தடவை கூப்பிட்டு, "சாப்ட்டீங்களாப்பா?" என்பான். சாப்பிட்டேன் என்றதும் பேச்சு தீர்ந்துவிடும். டீ போட்டால் இன்னும் இரண்டு டம்ளருக்குத்தான் வருகிறது. இரண்டையும் அவரே குடித்துக்கொள்வார்.

புஷ்பம் டீச்சர் அதே காம்பவுண்டில் பின்பக்கப் போர்ஷனில் இருப்பவள். தம்பி தங்கைகளைக் கரையேற்றுவதிலேயே தன் கல்யாணத்தை மறந்துபோய், நாற்பத்தாறு வயசில் பள்ளிக்கூடத்துக்கும் சர்ச்சுக்குமாக நடப்பவள். ராஜகீழ்ப்பாக்கத்தில் அந்தத் தெருவே அவரைச் சின்னப்பண்ணா என்று கூப்பிடும். டீச்சர் மட்டும் இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அண்ணா என்றதில்லை. "இந்தாங்க", "இங்க பாருங்க" என்று எதையாவது சொல்லிச் சமாளித்துவிடுவாள். சொல்லாத அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் சின்னப்பன் இத்தனை நாளை ஓட்டினார்.

"பிரேக்ல என்ன?"

பள்ளிக்கூடம் விட்டு வந்த டீச்சர் வண்டிக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள்.

"ஆயில்ல ஏர் புடிச்சிருக்கும்போல."

சொன்ன பிறகு சும்மா படுத்திருக்க முடியுமா? ஒப்புக்கு, சக்கரத்துக்குப் பின்னால் காற்றை வெளியேற்றுவதற்கென்று இருந்த நிப்பிளைத் திருகித் திறந்தார். அவள் பார்த்துக்கொண்டிருந்த படபடப்பில் அதை மூடாமலே மேலே ஏறிப் பெடலை நாலு தடவை மிதித்தார். அதுவரை இல்லாத காற்று அப்போது நிஜமாகவே உள்ளே போனது. பெடல் பஞ்சு மூட்டையாகத் தரைவரை இறங்கியது.

காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். மேலே ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, கீழே ஒருவர் நிப்பிளைத் திறந்து காற்றை விட்டு மூட வேண்டும். சின்னப்பன் இத்தனை வருஷமும் பெடல்மேல் ஒரு செங்கல்லையும், செங்கல்லுக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு கட்டையையும் வைத்து ஒற்றை ஆளாகச் சமாளித்தவர். கட்டையைத் தேடினார்.

"நான் மிதிக்கிறேன்" என்று டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கேபினில் ஏறி உட்கார்ந்தாள்.

"மிதிங்க."

"மிதிச்சிட்டேன்."

"அப்படியே புடிங்க. ம், விடுங்க."

"விட்டுட்டேன்."

இப்படியே முக்கால் மணி நேரம். தான் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பதில் வந்து சின்னப்பனுக்கு ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

புதன்கிழமை காற்றெல்லாம் போய்ப் பெடல் கல் மாதிரி நின்றுவிட்டது. வேலை முடிந்தால் அவள் இறங்கிப் போய்விடுவாள்.

"சரியாயிடுச்சா?" என்றாள் மேலிருந்து.

"இன்னும் கொஞ்சம் இருக்கு டீச்சர்" என்று நிப்பிளை வேண்டுமென்றே இன்னொரு சுற்று இறுக்கினார். அது ஒடிந்து கையோடு வந்துவிட்டது.

நிப்பிள் ஒடிந்தால் அது பொருந்தியிருக்கும் வீல் சிலிண்டரையே மாற்ற வேண்டும். வியாழக்கிழமை தாம்பரம் போய்க் கேட்டார். "இந்த மாடலுக்கு இப்ப வர்றதில்ல சார். இது வேற வண்டியோடது, ஆனா உக்காரும்" என்றார் கடைக்காரர். உட்காரத்தான் செய்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து ஒழுகவும் செய்தது.

மாடியிலிருந்து, இரண்டு போர்ஷனுக்கும் வீட்டுக்காரரான ஸ்ரீவத்சன் எட்டிப் பார்த்தார். "மிஸ்டர் சின்னப்பன், போன மாசம்தான் தரைக்கு டைல்ஸ் போட்டேன்."

"துடைச்சிடுறேன் சார்."

பிரேக் ஆயிலை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தார். கறை பெரிதாயிற்று. சோப்புத் தூள் போட்டுத் தேய்த்தார். டைல்ஸின் பூவே காணாமல் போயிற்று.

வெள்ளிக்கிழமை, ஜங்ஷனில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் தீனா அந்தப் பக்கம் வந்தான்.

"இன்னாண்ணா, நாலு நாளா வண்டிக்கு அடியிலயே குந்திகினு கீற? பத்து நிமிட்ஷ வேலைண்ணா. குடு ஸ்பேனர."

சின்னப்பன் ஸ்பேனரை முதுகுக்கு அடியில் தள்ளினார். அதற்குள் கேபினிலிருந்து டீச்சர் முந்திக்கொண்டாள். "வேணாம் தீனா. அவரே பண்ணட்டும்."

"அவரு பண்ணி முடிக்கறதுக்குள்ள வண்டி துருப்புடிச்சிடும் டீச்சர். வூடு மாத்தப் போறீங்களாமே? நம்ம மச்சான் வண்டி சும்மாதான் கீது. அனுப்பட்டா?"

"இல்லப்பா. போனா இந்த வண்டிதான்."

சின்னப்பனுக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. பிறகு, தன் வண்டியிலேயே ஏற்றித் தன் கையாலேயே அவளைக் கொண்டுபோய் விட வேண்டும் என்பது உறைத்தது.

சனிக்கிழமை, ஒன்று ஒழுகினால் மற்றதும் ஒழுகும் என்று சாக்குச் சொல்லி, மிச்சமிருந்த மூன்று சக்கரங்களையும் கழற்றினார். வண்டி செங்கல் அடுக்குகளின்மேல் நின்றது.

"சாமான் எல்லாம் கட்டியாச்சா டீச்சர்?"

"அது என்ன, அரை மணி நேர வேலை" என்றாள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். "வேற ஏதாச்சும் சொல்லணுமா?"

"பிரேக் ஆயில் தீந்துபோச்சு" என்றார் சின்னப்பன்.

அவள் முகம் என்னவோபோல் ஆயிற்று. போய்விட்டாள். இரவெல்லாம் அவர் தன்னையே திட்டிக்கொண்டார். வண்டி சரியானால் அதில் போவாள். சரியாகாவிட்டால் தீனாவின் மச்சான் வண்டி இருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் நாளைக்குப் பின்பக்கக் கதவில் பூட்டுத் தொங்கும்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து, சர்ச்சுக்குக் கட்டிய நீலப் புடவையோடு டீச்சர் நேரே கேபினில் ஏறினாள். புது ஆயில் ஊற்றி மூன்று சக்கரத்தைச் செங்கல்லும் கட்டையுமாகச் சின்னப்பனே முடித்திருந்தார்; கடைசிச் சக்கரம் மட்டும்தான் பாக்கி. சின்னப்பன் அடியில் படுத்திருந்தார். அந்தப் பக்கம் ஸ்ரீவத்சன், பூ அழிந்த டைல்ஸை செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மிதிங்க."

"மிதிச்சிட்டேன்."

நிப்பிளைத் திறந்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. சுத்தமான ஆயில். இதை மூடினால் வேலை முடிந்தது. மூடினார். விடுங்க என்று சொல்ல வாய் வரவில்லை.

"விடட்டா?" என்றாள்.

சின்னப்பன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கால் வலிக்குதுங்க."

அவள் முகம் தெரியாதது நல்லதாகப் போயிற்று. தலைக்கு மேலே துருப்பிடித்த இரும்பைப் பார்த்துச் சின்னப்பன் பேசினார்.

"பிரேக்ல ஒண்ணுமே இல்ல டீச்சர். முதல் நாளே பொய் சொன்னேன். நீங்க போகக் கூடாதுன்னு சொன்னேன். இருந்துடுங்க. இந்த ஊர்ல இல்ல, எங்கூட. என்னைக் கட்டிக்கிறீங்களான்னு கேக்குறேன்."

கழுத்தைத் திருப்பினால், ஸ்ரீவத்சனின் இரண்டு கால்கள் மட்டும் அசையாமல் நின்றன. மெல்ல அவர் குனிந்து, வண்டிக்கு அடியில் தலையை நீட்டினார்.

"அந்தம்மா எங்க சார் போறாங்க? போன வாரம்தான் இங்கயே இன்னும் மூணு வருஷத்துக்கு அக்ரிமென்ட்ல கையெழுத்துப் போட்டாங்க. கூட ஒருத்தர் வந்து சேர்ந்தா எனக்குப் பரவாயில்லையான்னு வேற கேட்டுட்டுப் போனாங்களே."