புள்ளி போன வண்டு

கோபக்காரர்களுக்கு நியாயம் தெரியாது என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. எங்களுக்கு நியாயம் நன்றாகவே தெரியும். கொஞ்சம் தாமதமாகத் தெரியும், அவ்வளவுதான். இந்தக் கதையைக்கூட நான் யாரையும் மன்னித்துவிட்டு எழுதவில்லை. இதில் வரும் அத்தனை பேர் மேலும், ஒரு வண்டு உட்பட, எனக்கு ஆத்திரம் அப்படியே இருக்கிறது.

எழுபதுகளில் நடந்தது. பி.எஸ்ஸி. விலங்கியல் கடைசி வருடம். மரக்காணத்திலிருந்து தினமும் பஸ்ஸில் கல்லூரிக்குப் போய் வருவேன். அப்பா உப்பளத்தில் மேஸ்திரி. செய்முறைத் தேர்வுக்குப் பூச்சிகளைப் பிடித்து, இன்னது என்று இனம் கண்டு, பெட்டியில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். மற்ற பெண்கள் சமர்த்தாக வண்ணத்துப்பூச்சி பிடித்தார்கள். நான்தான் மேதாவி ஆயிற்றே? அனுமந்தைப் பக்கம் கடற்கரை மணலில் படர்ந்திருந்த அடும்பங்கொடியின் பூக்களுக்குள் விரலை விட்டுத் துழாவினேன். ஊதாப் பூவின் அடியில், உடம்பெல்லாம் மகரந்தத்தை அப்பிக்கொண்டு, எள் அளவில் பழுப்பு வண்டுகள் கிடந்தன.

இவற்றைப் போட்டு வைக்க ஸ்பிரிட் வேண்டும். மதுவிலக்கு மறுபடி வந்திருந்த சமயம். மருந்துக்கடையில் போய்க் கேட்டேன்.

"ஸ்பிரிட்டா? யாருக்கும்மா, அப்பாவுக்கா?" என்றார் கடைக்காரர், பின்னால் நிற்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி. (அதற்கப்புறம் தலைவலி மாத்திரைக்குக்கூட அந்தக் கடைப் படியை நான் மிதிக்கவில்லை.)

விடுவிடுவென்று வீட்டுக்கு வந்தேன். எங்கள் ஊரில் எதைக் கெடாமல் வைக்க வேண்டுமென்றாலும் என்ன செய்வார்களோ அதையே செய்தேன். உப்புப் பாத்தியில் வெயிலில் சுண்டி முற்றிய தண்ணீரை ஊறுகாய் பாட்டிலில் பிடித்து, வண்டுகளை அதில் போட்டு மூடினேன். மீனுக்கு ஆகிறது வண்டுக்கு ஆகாதா என்ன?

சில நாள் கழித்து எடுத்துக் காயவைத்தேன். இத்தனை சின்ன வண்டை ஊசியால் குத்தக் கூடாது. முக்கோணமாக வெட்டிய காகிதத்தின் நுனியில் துளி பசை வைத்து ஒட்ட வேண்டும். ஒட்டிவிட்டு லென்ஸில் பார்த்தேன். முதுகை மூடும் இரண்டு கெட்டிச் சிறகுகளிலும் மேலிருந்து கீழாக, கோலத்துக்கு வைத்த மாதிரி, வரிசை வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். எல்லா வண்டுகளிலும் அதே வரிசை. புத்தகத்தை எடுத்து, உணர்கொம்பின் கணுக்களை எண்ணி, பாதத்தின் கணுக்களை எண்ணிப் படிப்படியாக இறங்கினேன். வண்டின் குடும்பம் கிடைத்தது. புள்ளி வைத்தவன் மட்டும் அந்தக் குடும்பத்தில் ஒருவனும் இல்லை.

எங்கள் விரிவுரையாளரும் பார்த்தார். "புதுசா இருந்தாலும் இருக்கும். பரீட்சை நடத்த வரப்போற எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் மெட்ராஸ்ல வண்டு ஆராய்ச்சி பண்றவரு. அவரு ஒத்துக்கிட்டாருன்னா எம்.எஸ்ஸி.க்கு அவரே உன்ன சேத்துக்குவாரு" என்றார்.

எம்.எஸ்ஸி. என்ற வார்த்தையைக் கேட்டாலே எங்கள் வீட்டில் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். எனக்கு வானூர் தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு பையனைப் பேசி வைத்திருந்தார். நான் நாள் முழுக்கச் சண்டை போட்டதில் கடைசியாக இறங்கி வந்தார்.

"அந்தப் பெரியவரு வாயால புதுசுன்னு சொல்லட்டும், மெட்ராஸ் போ. இல்லன்னா ஈஸ்டர் முடிஞ்சதும் வானூர்."

"சரி" என்றேன். அத்தனை திமிர்.

அம்மா சும்மா இருக்காமல் இதைப் பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டாள். அவரும் சும்மா இருக்காமல், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலைகளை வாசித்த கையோடு, "நம் பங்கு மகள் பிலோமினா கண்டுபிடித்துள்ள வண்டுக்காகவும் செபிப்போம்" என்று அறிவித்துவிட்டார். அன்றிலிருந்து பூக்காரியிடம் போய் நின்றால்கூட, "வண்டு வந்துடுச்சு, முழம் என்னான்னு கேக்குது" என்றார்கள்.

தேர்வு நாளன்று பார்த்து கோடை மழை பிடித்துக்கொண்டது. தீர்ப்பைத் தன் காதாலேயே கேட்க வேண்டும் என்று அப்பாவும் கூட வந்தார். பஸ் கூரை ஒழுகியது. நான் படித்துக்கொண்டு வர, அட்டைப்பெட்டியை அப்பா சட்டைக்குள் விட்டு வயிற்றோடு அணைத்துக்கொண்டார். கல்லூரியில் இறங்கி எடுத்துக் கொடுத்தபோது பெட்டி அவருடைய வியர்வையில் நமத்துப் போயிருந்தது.

எக்ஸ்டர்னல் பெட்டியைத் திறந்தார். நான் வரைந்து வைத்திருந்த வண்டின் படத்தைப் பார்த்தார். மறுபடி லென்ஸால் பெட்டியைப் பார்த்தார்.

"புள்ளி எங்கம்மா?"

லென்ஸை வாங்கிக் குனிந்து பார்த்தேன். எண்ணெய் தேய்த்துக் குளித்த மாதிரி மினுமினுவென்று வெறும் பழுப்பு வண்டுகள். மருந்துக்கு ஒரு புள்ளி இல்லை.

அந்த இடத்தில் ஒரு விலங்கியல் மாணவி என்ன யோசித்திருக்க வேண்டும் என்று பிற்பாடு பலர் எனக்கு விளக்கியிருக்கிறார்கள். நான் யோசிக்கவே இல்லை. நேராக வெளியே போனேன். வராந்தாவில் அப்பா சட்டை நுனியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"மாத்திட்டீங்க இல்ல?"

"என்னாம்மா?"

"வண்ட. நான் மெட்ராஸ் போகக்கூடாதுன்னு வேற வண்ட வச்சு மாத்திட்டீங்க. வழியெல்லாம் பெட்டி உங்ககிட்டதான இருந்துது?"

"நான் மாத்தலம்மா."

"பொய் சொல்லாதீங்கப்பா. நீங்க எனக்கு அப்பாவா, வானூர்க்காரங்களுக்கு ஏஜெண்டா?"

ஆடுகிற பஸ்ஸில், அடிக்கிற மழையில், எள் அளவு வண்டுகளை எங்கிருந்தோ வரவழைத்து, சட்டைக்குள்ளேயே வைத்து முக்கோணக் காகிதத்தில் ஒட்டினார் என்று நான் உண்மையாகவே நம்பினேன். லேப் மொத்தமும் வாசலுக்கு வந்துவிட்டது. உப்பளத்தில் அப்பா ஒரு அதட்டல் போட்டால் நாலு பாத்தி தாண்டிக் கேட்கும். அன்றைக்கு அவர் பிழிந்த துணியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு பேரும் உள்ள வாங்க" என்று எக்ஸ்டர்னல் கூப்பிட்டார்.

வண்டு மைக்ராஸ்கோப்பின் அடியில், விளக்குச் சூட்டில் இருந்தது. நான் கண்ணை வைத்தேன். ஈரம் உலர்ந்துகொண்டிருந்தது. ஒரு புள்ளி வந்தது. பக்கத்தில் இன்னொன்று. வரிசை முழுக்க வெள்ளையாகக் கண் திறந்தது.

"வந்துடுச்சு சார்" என்றேன். (அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை. அவர் திருப்பி வைத்துவிட்டார் என்றுகூட நினைத்திருப்பேன்.)

எக்ஸ்டர்னல் பிரஷ்ஷைத் தண்ணீரில் தொட்டு வண்டின் முதுகில் ஒரு இழுப்பு இழுத்தார். புள்ளிகள் போய்விட்டன. புள்ளி இருந்த இடத்திலெல்லாம் குண்டூசியால் குத்திய மாதிரி குட்டிக் குழிகள். அந்த வண்டுகளின் சிறகில் இயற்கையாகவே இருக்கிற குழிகள். அவர் பிரஷ்ஷை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"எந்த ஊரும்மா?"

"மரக்காணம்."

மனிதர் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். அப்பா குனிந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "நம்ம சரக்குதான் சார்" என்றார்.

மூன்று தலைமுறையாக உப்பைத் தின்று உப்பில் நடந்த குடும்பம். வீட்டில் இருந்த அத்தனை பேரும் அந்த வண்டை லென்ஸில் பார்த்தார்கள். ஒருத்தருக்குக்கூட அது உப்பு என்று தோன்றவில்லை.

"இது மெட்ராஸ் பீச்சுல கொள்ள கொள்ளயா இருக்கும்மா" என்று வேறு சொன்னார் எக்ஸ்டர்னல். பிறகு உணர்கொம்பில் எத்தனை கணு என்று கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு, "பதினொண்ணு, கடைசி மூணும் தடிச்சு குமிழ் மாதிரி" என்றேன். பாதம், வாயுறுப்பு, எல்லாவற்றையும் கேட்டார். எல்லாவற்றையும் சண்டை போடுகிற குரலில் சொன்னேன்.

"எம்.எஸ்ஸி.க்கு வர்றதுன்னா வா. ஸ்பிரிட் நான் தர்றேன்" என்றார்.

கூப்பிட்டு என்ன பயன்? வண்டு புதுசு இல்லை. பந்தயத்தில் தோற்றாகிவிட்டது. திரும்பும் பஸ்ஸில் பிரம்மதேசம் தாண்டும்போது அப்பா டிக்கெட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அப்புறம், "வானூருக்கு வேணாம்னு சொல்லி அனுப்பிடறேன்" என்றார்.

"ஏம்பா?"

"பெத்தவனையே கூட்டத்துல நிக்க வச்சுத் திருடன்ற. அந்த வானூர்ப் புள்ளைக்கு அப்பன் வேற கிடையாது, பாவம், ஏன்னு கேக்க ஆளில்ல. நீ மெட்ராஸுக்கே போ. அது பெரிய ஊரு, தாங்கும்."

அப்படித்தான் நான் எம்.எஸ்ஸி. படித்தேன். மன்னிப்பு மட்டும் கேட்கவே இல்லை. கேட்க அவர் விட்டால்தானே? சாம்பாரில் புளி கூடினாலும், என் செருப்பு இடம் மாறிக் கிடந்தாலும், நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டு கையையும் தூக்கி, "நான் மாத்தலம்மா" என்பார். என் கணவர் கற்றுக்கொண்டார். பிள்ளைகள் பேச ஆரம்பித்ததும் கற்றுக்கொண்டார்கள். கடைசியாக ஆஸ்பத்திரியில் அவர் நினைவு வருவதும் போவதுமாகக் கிடந்தபோது, சலைன் பாட்டில் காலையில் பார்த்த மாதிரி இல்லையே என்று நான் நர்ஸிடம் கத்தினேன். கண்ணைத் திறக்காமலே, ஊசி குத்தாத கையை மட்டும் லேசாகத் தூக்கி, "நான் மாத்தலம்மா" என்றார். நர்ஸ் திருதிருவென்று விழித்தாள். போகிற நேரத்தில்கூட என்னை விடவில்லையே அந்த மனுஷன் என்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.